மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் மொன்றியல் கராஜ்களும்

வீட்டுக் கராஜில் காரின் எஞ்சினைக் கழற்றிப் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, முன்னிலும் வலுவுள்ளதாகத் திரும்பப் பூட்டும் ஆர்வம் இந்நகரில் வாழும் நம் இளைஞர் சிலரிடம் காணப்படுகிறது. பெற்றோர் பலருக்கு இது பிடிப்பதில்லை. படிக்கிற பிள்ளைக்கு ஏனிந்தக் கரி எண்ணெய் வேலை என்று கடிந்துகொள்கின்றனர். அவர்களுக்கு நமது தாயகத்தின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு பக்கத்தை நினைவூட்ட விரும்புகின்றோம்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவில் கிடைத்தது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், மணமக்களை ஏற்றி வரவும் வாகனம் வேண்டியிருந்தது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். எஞ்சின் சூடேறும் வரை சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் சொட்டுச் சொட்டாக விட்டு இயக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் வீதியெங்கும் பரவிய அந்த நாட்களை எமது வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இது வெறும் துணிச்சலன்று. இதனுள் விஞ்ஞானம் இருந்தது. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயின் பெரும்பகுதி ஆவியாவதற்கு 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது தீப்பற்றாமைக்குக் காரணம் இதுவே. பிரித்தானியாவில் பேர்குசன் உழவு இயந்திரங்கள் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெய்க்கு மாறும் வகையில், 1949 முதல் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டன. அங்கு பொறியியலாளர் வரைபடத்தில் செய்ததை, இங்கு வரைபடமோ உதிரிப்பாகமோ இல்லாத மெக்கானிக்குகள் செய்தனர்.

பழைய காரே இதற்கு ஏற்றதாயிருந்தமைக்கும் காரணம் உண்டு. ஒஸ்ரின் ஏ40 காரின் எஞ்சின் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 40 குதிரைவலுவும் கொண்டது. அதன் சிலிண்டரில் வாயுக்கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகவே அமுக்கப்பட்டது. இன்று நம் இளைஞர் விரும்பும் ஹொண்டாவின் பி16ஏ எஞ்சின் 1989 இல் வெளிவந்தது. 1595 கன சென்ரிமீற்றர், 160 குதிரைவலு. அதில் கலவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்கப்படுகிறது. அத்தகைய எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் கலவை தானாகவே வெடித்துப் பிஸ்ரனைச் சிதைத்துவிடும். வலுவைக் கூட்டுவதும் குறைந்த எரிபொருளில் ஓட்டுவதும் எதிரெதிர்த் திசைகள். ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை அறிவு ஒன்றே.

அந்த ஓட்டத்திற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளைக் காக்காது, தேய்வு விரைவாகும். ஆகவே எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலை மெக்கானிக்குகளுக்கு ஓயாது இருந்தது. குடாநாட்டில் 1995 இன் பெரும் இடப்பெயர்வு வரையிலும், வன்னியில் 2002 இன் தொடக்கத்தில் தடை நீங்கும் வரையிலும் இந்நிலை தொடர்ந்தது.

இவ்வறிவுடைய கைகள் சில இன்று மொன்றியலிலும் உள்ளன. அவை உணவகங்களில் பாத்திரம் கழுவியும், ஆலைகளில் பெட்டி அடுக்கியும் முதுமையடைந்துவிட்டன. மகன் கராஜில் தனியே திணறுகையில், தந்தை மேல்மாடியில் தொலைக்காட்சி பார்த்திருப்பது நமக்கு நேர்ந்துள்ள இழப்பு.

எஞ்சின் பிரிப்பவருக்கு வேண்டிய முதற்குணம் ஒழுங்கு. கழற்றிய ஒவ்வொரு தாங்கி மூடிக்கும் இலக்கமிட்டு, அதே இடத்தில், அதே திசையில் திரும்பப் பூட்டல் வேண்டும். இரண்டாவது அளவு. பிஸ்ரன் வளையத்தின் இரு முனைகளுக்கிடையே, சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு இடைவெளி விடுவது பொதுவிதி. 81 மில்லிமீற்றர் விட்டத்துக்கு இது ஏறத்தாழ 0.32 மில்லிமீற்றர் ஆகும். இடைவெளி குறைந்தால் வெப்பத்தில் வளையம் விரிந்து, முனைகள் முட்டி முறியும். வலுவைக் கூட்டினால் வெப்பமும் கூடும். அப்போது இடைவெளியும் கூடவேண்டும். மூன்றாவது, கைப்பலத்தை நம்பாது அளவுகோலுள்ள திருகுசாவியால் ஆணிகளை முறைப்படி இறுக்குதல்.

குளிர்காலத்தில் கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஒருபோதும் இயக்கலாகாது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; அது ஆளையும் எழுப்பாது, அயலையும் எழுப்பாது. கூட்டிய வலுவை வீதியில் சோதித்துப் பார்ப்பதும் ஆகாது. வீதியில் பந்தயம் ஓடினால் கியூபெக் சட்டப்படி பொலிசார் அவ்விடத்திலேயே சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தி, வண்டியையும் கைப்பற்றுவர். பந்தயத்துக்கென அமைந்த ஓடுபாதைகள் இம்மாகாணத்தில் உள்ளன; ஆசையுள்ளோர் அங்கு செல்லட்டும்.

பெற்றோருக்கு நாம் சொல்வது: கையில் கரி படிந்தால் படிப்பு கெட்டுவிடாது. அமுக்கவிகிதமும் வெப்பவிரிவும் பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். அவற்றைப் பிள்ளை கராஜில் தொட்டுப் பார்க்கிறான். மகளும் கேட்டால் அவளுக்கும் சாவியைக் கொடுங்கள். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ கராஜ் வைத்திருந்தோரும், அவற்றில் வேலை செய்தோரும், மண்ணெண்ணெய்க் காரை எவ்வாறு இயக்கினீர்கள் என்பதை உங்கள் சொந்தச் சொற்களிலேயே எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பிவையுங்கள். எழுத இயலாதோர் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்படவேண்டாம். அதைத் திருத்துவது எமது பழைய தொழில்.