பிணமில்லாத போர்க்களம்

போரின் கொடுமையைக் காட்டவேண்டுமானால் பிணங்களைக் காட்டவேண்டும் என்ற எண்ணம் பத்திரிகைத் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அதை மறுபரிசீலனை செய்யவைக்கும் ஓவியம் ஒன்று லண்டனிலுள்ள இம்பீரியல் போர் நூதனசாலையில் இருக்கிறது. பிரித்தானிய ஓவியர் போல் நாஷ் 1918இல் தீட்டியது அது.

ஓவியத்தில் மனிதர் எவருமில்லை, துப்பாக்கியும் இல்லை. ஷெல் வீச்சினால் கிளையும் இலையும் இழந்த மரக்கட்டைகள், புதைகுழி மேடுகள்போற் குமுறிக்கிடக்கும் மண், செம்பழுப்பு முகில்களுக்கு மேலாக எழும் வெளிறிய சூரியன். அவ்வளவுதான்.

நாஷ் அந்த மண்ணை அறிந்தவர். 1917இன் முற்பகுதியில் பெல்ஜியத்தின் ஈப்பர் முனையில் இளநிலை அதிகாரியாகப் பணிபுரிந்தார். மே மாதம் பதுங்குகுழியில் விழுந்து விலா எலும்பு முறிந்ததால் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். சில நாட்களில் அவரது படைப்பிரிவினர் பலர் ஒரு தாக்குதலில் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் அரசின் உத்தியோகபூர்வ போர் ஓவியராக அவர் அங்கு திரும்பியபோது, ஜூலை 31 முதல் நவம்பர் வரை நடைபெற்ற பாஷண்டேல் சமர் நிலத்தையே சிதைத்திருந்தது. வசந்தத்தில் அவர் கண்ட துளிர்களின் இடத்தில் கட்டைகளே எஞ்சியிருந்தன.

1917இல் நெவின்சன் என்ற மற்றொரு போர் ஓவியர், முட்கம்பியருகே முகங்குப்புறக் கிடக்கும் இரு பிரித்தானியச் சிப்பாய்களின் சடலங்களை வரைந்தார். இராணுவத் தணிக்கையாளர் அதற்கு அனுமதி மறுத்தனர். அவரோ ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்றெழுதிய தாளை அதன் குறுக்கே ஒட்டிக் காட்சிக்கு வைத்தார். நாஷின் மரங்களோ அரசின் பிரசார வெளியீடொன்றின் அட்டையிலேயே இடம்பெற்றன. ஓவியத்தின் தலைப்பு மட்டும் அங்கே அச்சிடப்படவில்லை.

அந்தத் தலைப்பில்தான் முழுக் குற்றச்சாட்டும் இருக்கிறது: ‘நாம் ஒரு புதிய உலகைப் படைத்துக்கொண்டிருக்கிறோம்.’ ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் எழுதுபவன் ‘நாங்கள்’, ‘நாம்’ இரண்டில் ஒன்றைத் தெரிந்தாகவேண்டும். ‘நாங்கள்’ என்றால் பழி தளபதிகளோடும் அரசியல்வாதிகளோடும் நின்றுவிடும். ‘நாம்’ என்றால் பார்த்துக்கொண்டிருப்பவனும் உள்ளடங்குவான். ‘நாம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. போருக்குக் கைதட்டியவர்களும், வெற்றிச் செய்திகளை அச்சிட்ட பத்திரிகைகளும் அந்தக் காட்டை எரித்ததிற் பங்காளிகளே.

சடலத்தின் படத்தைப் பார்ப்பவன் முதலில் அது எந்தத் தரப்பு என்று கேட்கிறான். எதிரியினுடையதென்றால் மனம் ஆறுதலடையவும் கூடும். மரத்துக்குத் தரப்பில்லை. முகமாலையிலும் ஆனையிறவிலும் தலையிழந்து நின்ற பனைகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். எவருடைய ஷெல் எந்தப் பனையை முறித்ததென்று எவராலும் சொல்ல முடியாது. வட்டிழந்த பனை மீண்டும் தழைக்காது என்பதை மட்டும் எல்லோரும் அறிவர்.

ஈப்பரில் இன்று பயிர் விளைகிறது. உழும்போது இன்னமும் பழைய ஷெல்கள் வெளிப்படுகின்றன. மேற்பரப்பில் வேறு தடயம் அதிகமில்லை. நிலம் தன் காயத்தை மூடிக்கொள்ளும். அது அதன் இயல்பு. மூடப்படுமுன் அதனைப் பதிவுசெய்வது ஓவியனின் கடமை, பத்திரிகையாளனின் கடமையும் அதுவே. நாஷ் அரசின் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டே அதனைச் செய்தார்.