டோக்கன் இருக்கிறது, அரிசி எங்கே?

போன மாசம் நகைக் கடன் வரிசையில் ஒரு தம்பி நின்றான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. முறை வந்ததும் நகைக்குப் பதில் செல்போனை நீட்டினான். திரையில் கண்ணாடி போட்ட ஒரு குரங்குப் படம். "ண்ணா, இத்த 2021ல வாங்னேன். ரெண்டு மாச சம்பளம். என் பேர்லதான் கீது. இத்த வச்சி லோன் குடுப்பீங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை தோழர்களே. 'என் பேர்ல இருக்கு' என்ற சொல்லை நம்பி நம்ம சனம் உயிரையே விட்டிருக்கிறது.

இதை என்.எஃப்.டி என்கிறார்கள். ஒரு படம், ஒரு பாட்டு, செல்போன் விளையாட்டில் வரும் ஒரு சாமான், எதற்காவது ஒரு எண் கொடுத்து, அந்த எண் இன்னாருடையது என்று பொதுப் பேரேட்டில் எழுதுவது. பேரேடு ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். யாரும் தனியாக அடித்துத் திருத்த முடியாது. விற்றால் பேர் மாறும். கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தாரும் கை வைக்க முடியாத பட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவே இனிக்கிறது, இல்லையா?

இதை முழுசாகக் கேலி செய்ய நான் தயாரில்லை. அம்பேத்கர் தொகுதிகளில் பாதியை நான் பழைய புத்தகக் கடையில்தான் வாங்கினேன். யாரோ வாங்கி, படித்து, விற்றது. கையிலிருக்கும் புத்தகத்தை விற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மின்புத்தகத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காசு கொடுத்தாலும் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டும். 2009ல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாம், பெரிய மனசு! வாங்கியதை வைத்துக்கொள்ளவும் விற்கவும் உரிமை கேட்பது நியாயம். அதற்கு என்.எஃப்.டி விடையா?

பேரேட்டில் இருப்பது, பெரும்பாலும், எண்ணும் படம் கிடக்கும் இடத்தின் முகவரியும்தான். படம் வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ இருக்கும். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் சந்தை திவாலானது; அங்கே வெளியான டோக்கன்களில் படம் தெரிந்த இடம் பிறகு காலி. ரேஷன் கடையில் நின்ற நமக்கு இதைப் பாடமெடுக்க வேண்டியதில்லை. டோக்கன் கையில் இருக்கும், 'சரக்கு வரலை' என்பான்.

2021 மார்ச்சில் ஒரே வாரத்தில் ரெண்டு காரியம் நடந்தது. சிங்கப்பூரிலிருக்கும் விக்னேஷ் சுந்தரேசன் என்கிற தமிழர், பீப்பிள் என்ற அமெரிக்கக் கலைஞரின் டோக்கனை கிறிஸ்டி ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு எடுத்தார். நம்ம காசில் சுமார் 500 கோடி. வெள்ளையரல்லாதவரும் கலைப் புரவலராகலாம் என்று காட்டவே வாங்கியதாக அவர் தரப்பு எழுதியது. இருக்கட்டும். அதே வாரம், அரக்கோணத்து அறிவு எழுதி தீயோடு பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஆகஸ்டில் வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை. இசையமைத்த சந்தோஷ் நாராயணன், மூன்று வருஷத்தில் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் சொன்னார். நிறுவனம் மறுத்தது.

ஒவ்வொரு மறுவிற்பனையிலும் படைத்தவனுக்குப் பங்கு. என்.எஃப்.டிக்காரர்கள் கொடுத்த பெரிய வாக்கு இதுதான். கவிதை எழுதுகிற எனக்கும் கொஞ்சம் சபலம் தட்டியது. ஆனால் அந்தப் பங்கை வசூலித்துக் கொடுத்தவன் சந்தை முதலாளி. வியாபாரம் படுத்ததும், 2023ல், ஓபன்சீ சந்தை அதை விற்பவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதாக அறிவித்தது. இங்கே 2012 பதிப்புரிமைத் திருத்தம் வேறு வழியில் போகிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எந்தக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. நெருக்கடியில் கையெழுத்துப் போட்டாலும் போகாத உரிமை.

விற்க முடியாத சொத்து நமக்குப் புதுசில்லை. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் 1892ல் பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம்ம சனத்துக்குள்தான் விற்கலாம். மற்றவன் வாங்கினால் செல்லாது. இவ்வளவும் பேரேட்டில் எழுதியிருந்தது. நிலம் போயிற்று. கடனுக்குப் போயிற்று, மிரட்டலுக்குப் போயிற்று. மீட்கப் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். யாரும் அழிக்க முடியாத பேரேடு வந்துவிட்டது என்று இப்போது குதிக்கிறார்கள். பேரேடு அழியாத ஊரிலும் வரப்பில் கால் வைக்க நம்மை விட்டானா?

தம்பிக்கு லோன் இல்லை என்று சொல்லிவிட்டேன். விற்கவும் பார்த்தானாம், கேட்க ஆளில்லை. லாபம் வந்திருந்தால் 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீதம் வரி. நட்டம் முழுக்க அவனுடையது.

போகும்போது கேட்டான்: "எங்க தாத்தாவுக்கு டி.சி. நெலம் இருந்திச்சின்னு ஆயா சொல்லும்ணா. அதுவும் இப்டித்தானா?"

சர்வே நம்பர் தெரியுமா என்றேன். தெரியவில்லை. ரெண்டாம் சனிக்கிழமை எனக்கு லீவு. பழைய 'அ' பதிவேட்டின் நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதலாம், ஆயாவையும் கூட்டிக்கிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.