ஸ்கூட்டர் எல்லை தாண்டினால்...

தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளைச் சந்தையில் நேந்திரங்குலைக்கு விலைபேசுகிறவர்களில் யார் தமிழ்நாடு, யார் கேரளம் என்று பிரிப்பது லேசில்லை. கேரளத்துப் பாறசாலையிலிருந்து வருகிறவரும் தமிழ்நாட்டுக் குழித்துறையிலிருந்து வருகிறவரும் ஒரே கலவைமொழியில்தான் பேரம் பேசுவார்கள். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை வந்தபோதும் இந்த வியாபாரம் நிற்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் நின்றது. இஞ்சிவிளைச் சோதனைச்சாவடியில் பாஸ் கேட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில், கேரளத்திலிருந்து வருவோர் ஆர்டிபிசிஆர் சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்றது தமிழக அரசு. ஒரு துண்டு தடியங்காய்க்காக யார் மூக்கில் குச்சி விட்டுக்கொள்வார்கள்?

பலசரக்குக் கடைக்காரர் அந்தக் காலத்தில் கையிலெடுத்தவை வாட்ஸ்அப்பும் க்யூஆர் அட்டையும். இரண்டுக்கும் முதல் போட வேண்டாம். வீட்டில் எழுதிய சிட்டையைப் படமெடுத்து அனுப்பினால் போதும். "சேச்சி, சாமான் கெட்டி வச்சாச்சு" என்று பதில் குரல்பதிவு வந்துவிடும். யுபிஐ 2016-லேயே வந்ததுதான். ஆனால், அதற்காக வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்றே மாதத்துக்குள் ஊரடங்கு. நோட்டைத் தொடவே ஜனங்கள் பயந்தார்கள். 2020 மார்ச்சில் நாடெங்கும் சுமார் 125 கோடியாக இருந்த மாத யுபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை, 2023 ஆகஸ்டில் 1,000 கோடியைத் தாண்டியது. பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டிக்கும் இதில் பங்குண்டு. ஈரக்கையோடு மீன் வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துப் போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும்.

இதற்கு மேல், வீட்டு வாசலில் கொண்டுகொடுக்கும் ஆன்லைன் வியாபாரத்துக்குச் சிறு கடைக்காரர் போகத் தயங்குகிறார். அவருக்குத் தொழில்நுட்பம் பிடிபடவில்லை என்பது சுலபமான விளக்கம். சட்டத்தைப் படித்தால் வேறு காரணம் தெரிகிறது.

வரிக்குரிய சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 24-வது பிரிவு. பாறசாலைக்காரர் கடைக்கு வந்து சோப்பு வாங்கிப்போனால் பிரச்சினையில்லை. அதே சோப்பைக் கடைப்பையன் ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனால், அது மாநிலம் கடந்த விற்பனை. பச்சைக் காய்கறிக்கும் வாழைக்குலைக்கும் வரி கிடையாது, அவை தப்பித்தன. சிறு வணிகர்களுக்கான இணக்கத் திட்டத்தில் (காம்போசிஷன்) பதிவு செய்திருப்பவரோ எல்லை தாண்டிச் சரக்கை விற்கவே முடியாது. இணையச் சந்தைகளில் விற்கப் பதிவு வேண்டாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் சிறு வணிகர்களுக்குத் தளர்வு கொடுத்தார்கள். அதிலும், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் என்று நிபந்தனை. ஆக, 700 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு அனுப்பலாம். கூப்பிடு தூரத்துப் பாறசாலைக்கு அனுப்பக் கூடாது. மதுரைக் கடைக்காரருக்கு இந்த நிபந்தனை ஒரு பொருட்டே இல்லை. களியக்காவிளைக்காரருக்கோ வாடிக்கையே எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

கணக்கு பதிவாகிறதே என்ற பயம் வேறு. 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை சிறுகடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். சரக்கு விற்பவருக்குள்ள ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் பதிவு வரம்பைத் தாண்டியவர் வரி கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வரம்புக்கு வெகு கீழே இருப்பவரை ஒரு ஸ்கூட்டர் சவாரி வரி வலைக்குள் தள்ளுவதுதான் நியாயமாகப் படவில்லை.

இவர்களுக்கு விலக்கு தர முன்னுதாரணம் இல்லாமலில்லை. மாநிலம் கடந்து சேவை வழங்குவோருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு தந்துவிட்டார்கள். களியக்காவிளையில் இருந்துகொண்டு பாறசாலைப் பையனுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறவர் நிம்மதியாக இருக்கலாம். கைவினைப் பொருள்களுக்கும் இப்படி ஒரு விலக்கு உண்டு. அதைச் சில்லறைப் பலசரக்குக்கும் நீட்டுமாறு தமிழ்நாடும் கேரளமும் ஜிஎஸ்டி மன்றத்தில் சேர்ந்தே கேட்கலாம். பாறசாலைக் கடைக்காரருக்கும் இந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கேரள எல்லைக்கு அருகிலுள்ள கம்பத்திலும் செங்கோட்டையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். வருவாய் இழப்பு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். ஆனால், 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே விற்கும் இந்தக் கடைகள் உள்ளூரில் மட்டும் விற்றால் இன்றைக்கும் பதிவுக்கு வெளியேதான் இருக்கின்றன.