போலி எல்பி ரெக்கார்டு முதலீடு இல்லீங்க!

நம்ம விருத்தாசலத்துல பீங்கான் கப் வாங்கினா, விரலால தட்டி சத்தம் கேட்டுத்தான் வாங்குவோம். விரிசல் இருந்தா சத்தமே காட்டிக்கொடுத்துடும். ஆனா இளையராஜா எல்பி ரெக்கார்டுன்னா மட்டும், கவரைப் பார்த்ததுமே கிரெடிட் கார்டை நீட்டிடறோம்.

அனுமதி இல்லாம அச்சடிச்ச ரெக்கார்டை "அபூர்வம், விலை ஏறும்"னு விற்கறாங்க. நம்பாதீங்க. 1976-ல் வந்த 'அன்னக்கிளி' ஒலிப்பதிவுக்கு காப்புரிமை 60 வருஷம். அதாவது 2036 கடைசி வரை. போலின்னு தெரிஞ்சே நீங்க திருப்பி வித்தா, அது குற்றம். 3 வருஷம் வரை சிறை. அப்போ அதோட மறுவிற்பனை மதிப்பு? பூஜ்யம். பாக்கி வெச்சா பல கார்டுகள்ல மாசம் 3.5% வட்டி, அதாவது வருஷத்துக்கு 42% வேற!

என் கருத்து: ஆசைக்கு வாங்குங்க, ஆனா ஒரிஜினலா, கையில இருக்கற காசுல. லேபிளை ஒட்டின வழவழப்பான பகுதியில பொறிச்ச நம்பரைப் பாருங்க. லேபிளோட பொருந்தலைன்னா கேள்வி கேளுங்க. ரெக்கார்டைத் தட்டிப் பார்க்கறது அப்படித்தான்.