இரண்டு நாள் பாடம் போதுமா?

அமெரிக்காவில் எப்.பி.ஐ. என்று ஒரு துப்பறியும் இலாகா உண்டு. அங்கே வழக்குக் கட்டுகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு திட்டம் போட்டார்கள். 17 கோடி டாலர் செலவாயிற்று. பலன்? ஒன்றுமில்லை! 2005-ம் ஆண்டில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

2006-ல் மறுபடியும் தொடங்கினார்கள். புதுத் திட்டத்துக்குச் "சென்டினல்" என்று பெயர். காவல்காரன் என்று பொருள். வேலையை நான்கு கட்டமாகப் பிரித்து ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். நான்கு ஆண்டுகள் ஓடின. ஒதுக்கிய 45 கோடி டாலரில் 40 கோடிக்கு மேல் கரைந்துவிட்டது. முடிந்த கட்டங்களோ இரண்டுதான்!

2010-ல் இலாகா விழித்துக்கொண்டது. வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆட்களைக் குறைத்தது. "இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முடித்த வேலையைக் காட்டியாக வேண்டும்" என்று விதித்தது. குறித்த தேதிக்கு முடியவில்லை; பல மாதங்கள் தள்ளித்தான் போயிற்று. ஆனாலும் 2012 ஜூலையில் சென்டினல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

இப்படிச் சிறுசிறு தவணையாக வேலை செய்யும் முறைக்குத்தான் "அஜைல்" என்று பெயர். அதில் ஒரு வகை "ஸ்க்ரம்". மகனோ மகளோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வீடுகளில் இந்தப் பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.

அது என்ன ஸ்க்ரம்?

ரக்பி என்று ஒரு பந்தாட்டம். அதில் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் கோத்து, ஒன்றாகச் சேர்ந்து தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். கென் ஷ்வேபர், ஜெப் சதர்லண்ட் என்ற இருவர் 1995-ல் இந்த வேலைமுறையை ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். 2001 பிப்ரவரியில், யூட்டா மாநிலத்து மலை ஒன்றில் 17 நிபுணர்கள் கூடி, அஜைல் கொள்கைகளை எழுதினார்கள். அந்த 17 பேரில் இவர்கள் இருவரும் உண்டு.

முறை எளிது. குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு தவணை ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. தினமும் 15 நிமிடம் கூடிப் பேச வேண்டும். தவணை முடிந்ததும், செய்த வேலையைக் காட்ட வேண்டும். பிறகு, "எங்கே தடுமாறினோம்? அடுத்த முறை எதை மாற்றலாம்?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவ்வளவுதான்! விதிகளை ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். கைக்கு வருவதுதான் கடினம்.

இருபது காசு விளையாட்டு

ஸ்க்ரம் பயிற்சிகளில் ஒரு விளையாட்டு உண்டு. இதை வீட்டிலேயே ஆடிப் பார்க்கலாம். நாலு பேர் வரிசையாக உட்காருங்கள். இருபது காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இருபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு, மொத்தமாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும். ஒரு காசுக்கு ஒரு விநாடி என்றால், நாலு பேரும் முடிக்க 80 விநாடி ஆகும்.

இப்போது முறையை மாற்றுங்கள். ஒரு காசைத் திருப்பியதுமே அடுத்தவரிடம் தள்ளுங்கள். முதல் காசு நாலாவது விநாடியிலேயே வெளியே வந்துவிடும். இருபதும் 23 விநாடியில் முடிந்துவிடும்!

முதல் காசே செல்லாக்காசு என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில், வாங்குகிறவருக்கு அது 80 விநாடி கழித்துத்தான் தெரியும். இரண்டாவது முறையில் நாலே விநாடியில் தெரிந்துவிடும். மீதிக் காசுகளைப் பார்த்து எடுக்கலாம்.

இதை மணிக்கணக்கில் சொற்பொழிவாகச் சொன்னாலும் மனத்தில் பதியாது. கையால் ஒரு முறை செய்தவர் மறக்கமாட்டார். பயிற்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பழைய கள், புதிய மொந்தை

பல இடங்களில் நடப்பது வேறு. குழுவில் ஒருவரை மட்டும் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அவர் சான்றிதழோடு திரும்புகிறார். சுவரில் வர்ணக் காகிதங்கள் ஏறுகின்றன. தினமும் காலையில் எல்லோரும் நின்றுகொண்டு பேசுகிறார்கள்.

ஆனால் நடுவில் மேலதிகாரி வந்து நிற்கிறார். "நேற்று என்ன கிழித்தாய்?" என்று கணக்குக் கேட்கிறார். வேலை சிக்கலில் இருக்கிறது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? "எல்லாம் சரியாகப் போகிறது" என்கிறார்கள். தவறு மூடி மறைக்கப்படுகிறது. முறையின் பெயர் மாறியது, பயம் மாறவில்லை!

அப்படியானால் வகுப்பே வேண்டாமா? வேண்டும். விதி தெரியாமல் ஆட்டம் ஆட முடியாது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வகுப்பு தொடக்கந்தான்; அதோடு நின்றுவிடக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

ஒருவரை அல்ல, முழுக் குழுவையும் பயிற்றுவிக்க வேண்டும். கற்பனைக் கணக்கு அல்ல, அவர்கள் கையில் உள்ள வேலையையே எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி தருகிறவர் இரண்டு மூன்று தவணையாவது கூட இருந்து திருத்த வேண்டும். முக்கியமாக, மேலதிகாரியும் மாணவராக உட்கார வேண்டும். கெட்ட செய்தி சொல்கிறவனைக் கடிந்துகொள்ளாமல் கேட்க அவரும் பழக வேண்டுமே!

இதற்குப் பணமும் நாளும் ஆகும் என்பார்கள். ஆகட்டுமே! சான்றிதழுக்காகச் சொந்தச் சம்பளத்தைச் செலவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைத்துவிட்டு, வேலை மட்டும் நன்றாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பயிற்சி தருவது கம்பெனியின் கடமை.

இரண்டு வாரத்தில் தெரியும் தவறு, இரண்டு வாரக் கூலியோடு போய்விடும். நான்கு வருஷம் கழித்துத் தெரியும் தவறு கோடி கோடியாக விழுங்கும். "இது சரியாக வரவில்லை, ஐயா" என்று முதல் வாரமே சொல்லும் துணிவு வேண்டும். அதைக் காது கொடுத்துக் கேட்கும் பெருந்தன்மையும் வேண்டும். இந்த இரண்டையும் பழக்காத பயிற்சி எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் வீண்தான்!