புள்ளி போட முதல் விதியைப் போடுங்கோ

நாங்கள் முதலாம் வருடம் வந்தபோது இறுதி வருடத்தில் இருந்த அக்கா ஒருவர், போன மாதம் எங்களைப் பார்க்க வந்திருந்தார். கையில் அதே நீலக் கோப்பு. விடுதியில் இருந்த காலத்தில் அந்தக் கோப்பை வைத்து நாங்கள் பகிடி பண்ணாத நாள் இல்லை. கபடிச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருப்பார். கூரை ஒழுகினால் முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார். “இதுதான் என்ர காணி உறுதி” என்பார்.

அந்த உறுதி செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம்.

ஒரு அரசாங்கப் பதவிக்கான ஆட்சேர்ப்பு. எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. நேர்முகப் பரீட்சையில் கல்வித் தகைமை, மொழி, கணினி என்பவற்றோடு விளையாட்டு போன்ற புறக்கிருத்தியச் செயற்பாடுகளுக்கும் புள்ளி உண்டு. அறிவித்தலில் இருந்தது இவ்வளவுதான்: தேசிய மட்டத்தில் வெற்றி என்றால் இத்தனை, மாகாண மட்டம் என்றால் இத்தனை. அக்காவிடம் தேசிய மட்ட இரண்டாமிடம் இருந்தது. நேர்முகக் குழுவில் இருந்த ஒருவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பாடசாலைப் போட்டி இல்லையே, பிள்ளை” என்றாராம். அந்த வரிக்குப் பூச்சியம். இரண்டு புள்ளியால் வேலை போனது.

அதோட முடிந்திருந்தால் விதி என்று விட்டிருப்பார். முடிவு வந்து ஆறு கிழமை கழித்து, அதே அணியில் விளையாடிய இன்னொரு பிள்ளையைச் சந்தையில் கண்டிருக்கிறார். அவள் அதே பதவிக்கு வேறொரு நாள், வேறொரு குழுவுக்கு முன்னால் போனவள். அதே போட்டி, அதே சான்றிதழ், அதே கையெழுத்து. அவளுக்குப் புள்ளி கிடைத்திருக்கிறது.

சட்டத்தரணி ஒருவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “முடிவு வந்து எத்தனை நாள்?”

அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம். அதற்கு முதல் எங்களுக்குள் நடந்த சண்டையைச் சொல்ல வேணும். அக்கா போன பிறகு அறையில் இருந்த எல்லாரும் அவர் பக்கம் நிற்கவில்லை. “அலுவலகத்தில கோப்பு எழுதுற ஆள் நூறு மீற்றர் ஓடத் தேவையில்லைதானே? பிறகேன் விளையாட்டுக்குப் புள்ளி?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். இரவிரவாகப் படித்து எழுத்துப் பரீட்சையில் மேலே நின்ற ஒருவரை, ஒரு பதக்கம் கீழே தள்ளலாமா?

எங்கட பதில் இது. ஒரு பிள்ளை உயர்தரம் படிக்கும் காலத்தில் காலையும் மாலையும் மைதானத்தில் நிற்கிறாள். ரியூசன் தவறுகிறது. பயணக் காசு வீட்டிலிருந்துதான் போகிறது. பாடசாலைக்கும் வலயத்துக்கும் மாகாணத்துக்கும் பெயர் வாங்கிக் கொடுக்கிறாள். பரிசளிப்பு விழா மேடையில் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தின் பெயரைச் சொல்லி அவளைத் தட்டிக்கொடுக்கிறார்கள். இந்த நேரத்தையும் உழைப்பையும் பொதுச் சொத்தாக எடுத்துக்கொண்ட அரசு, வேலை கொடுக்கும் நேரத்தில் மட்டும் அது அவளின் பொழுதுபோக்கு என்று சொல்லக்கூடாது. பல்கலைக்கழக அனுமதியிலேயே கல்விக்கு வெளியில் சாதித்தவர்களுக்கு ஒரு விசேட அனுமதி முறை இருக்கிறது. ஆகவே கொள்கை அளவில் அரசு இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. தேசிய மெய்வல்லுநர் போட்டிகளின் முடிவுகளை எடுத்துப் பாருங்கோ. பெயர்களுக்குப் பக்கத்தில் இராணுவம், கடற்படை, விமானப்படை என்றுதான் அதிகம் இருக்கும். இந்த நாட்டில் ஒரு விளையாட்டு வீரருக்குச் சம்பளத்தோடு பயிற்சியும் கிடைக்கும் பெரிய கதவு அதுதான். எங்கட பக்கத்துப் பிள்ளையள் அந்தக் கதவால் போவது குறைவு. காரணம் எல்லாருக்கும் தெரியும், இங்கே விளக்கத் தேவையில்லை. அப்படியானவர்களுக்குச் சிவில் சேவை நேர்முகத்தில் கிடைக்கும் அந்த நாலைந்து புள்ளி சின்ன விசயம் இல்லை. விளையாடிய காலத்துக்கு அரசாங்கம் தரும் கணக்கு அநேகமாக அது மட்டும்தான்.

சரி, புள்ளி வேணும் என்று வைத்துக்கொள்வோம். ‘தேசிய மட்டம்’ என்றால் எது?

இங்கேதான் சிக்கல். கல்வி அமைச்சு நடத்தும் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டி இருக்கிறது. கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிப் போவது. பாடசாலை மெய்வல்லுநர் சங்கத்தின் சேர் ஜோன் டாபட் போட்டி தனி. பிரதேச செயலக மட்டத்தில் தொடங்கும் தேசிய விளையாட்டு விழா இன்னொன்று. இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் விளையாட்டு விழா வேறொன்று. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்கள் நடத்தும் தேசிய போட்டிகளும் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியும் உண்டு. எல்லாவற்றிலும் ‘தேசிய’ என்ற சொல் வரும், எல்லாவற்றுக்கும் சான்றிதழ் தருவார்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் கையெழுத்து. அறிவித்தலில் ‘தேசிய மட்டம்’ என்று இரண்டு சொல்லை மட்டும் எழுதிவிட்டால் மிச்சத்தை யார் எழுதுகிறார்கள்? அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். ஒரு குழு கொடுக்கும், மற்றக் குழு வெட்டும். அக்காவுக்கு நடந்தது இதுதான்.

இந்தியாவில் இந்தச் சண்டை நீதிமன்றங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே புள்ளி மட்டுமில்லை, ஒதுக்கீடே இருக்கிறது. தமிழ்நாட்டு அரச வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். மத்திய அரசில் எந்தெந்த விளையாட்டு செல்லும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். 2020இல் அது 43இலிருந்து 63 ஆனது. மல்லர் கம்பமும் கயிறிழுத்தலும் அப்போதுதான் உள்ளே வந்தன. அடுத்த வருடம் தமிழ்நாடு தன் ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. பட்டியலில் இல்லாத நாளில் பூச்சியமாக இருந்த ஒரு திறமை, சேர்ந்த நாளில் தகைமையாகிவிடுகிறது. (எங்கட கிளித்தட்டுக்கு எந்த நாளில் சான்றிதழ் வருமோ தெரியாது.) மத்திய அரசின் விதியில் யார் கையெழுத்து வைக்க வேணும் என்பதும் எழுதியிருக்கிறது. சர்வதேசப் போட்டி என்றால் தேசியச் சம்மேளனம், தேசியப் போட்டி என்றால் மாநிலச் சங்கம், பல்கலைக்கழகப் போட்டி என்றால் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர், பாடசாலைப் போட்டி என்றால் கல்வித் திணைக்களம். எதற்கு முன்னுரிமை, எது அடுத்தது என்ற வரிசையும் உண்டு.

அப்படி எழுதி வைத்தும் அங்கே வழக்குகள் குறையவில்லை. ஆனால் அந்த வழக்குகளிலிருந்து வந்த இரண்டு தீர்ப்புகள் எங்களுக்கும் உதவும். 2023 ஓகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் விசாரித்தது வேலை வழக்கு இல்லை, பல்கலைக்கழக அனுமதி வழக்கு. சண்டிகரில் ஒரு பொறியியல் பல்கலைக்கழகம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வருபவரும் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் எடுத்திருக்க வேணும் என்று விதி போட்டிருந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது விளையாட்டை ஊக்குவிக்க, படிப்புப் புள்ளியை அளப்பதற்கு இல்லை என்பது அதன் சாரம். ஒரு சலுகையை ஏன் வைத்தோமோ அந்த நோக்கத்தையே உடைக்கும் நிபந்தனையைப் போட முடியாது.

மற்றது 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் சொன்னது. வழக்கு இராஜஸ்தானில் சில மொழிபெயர்ப்பாளர் பதவிகளைப் பற்றியது. விண்ணப்பம் கேட்டு, பரீட்சையும் வைத்த பிறகு, 75 சதவீதம் எடுத்தவர்தான் தெரிவாவார் என்று புதிதாக ஒரு கோடு கீறினார்கள். விதிகள் அனுமதித்தால் ஒழிய, ஆட்சேர்ப்பு தொடங்கிய பிறகு நடுவில் தகுதி விதியை மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். சட்டக்காரர் இதை ‘ஆட்டம் தொடங்கிய பிறகு ஆட்டத்தின் விதியை மாற்றாதே’ என்று சொல்லுவார்கள். கபடி விளையாடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோட்டைத் தொட்ட பிறகு கோட்டை நகர்த்தினால் மைதானத்தில் அடிபாடுதான் வரும்.

இந்தியத் தீர்ப்பு எங்கட நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனால் எங்கட அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையும் சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்றுதான் சொல்கிறது. ஒரே சான்றிதழுக்கு ஒருத்திக்குப் புள்ளியும் மற்றவளுக்குப் பூச்சியமும் என்றால், அது அந்த உறுப்புரையின் வாசலில் நிற்கும் கேள்வி. கேட்க வேண்டிய இடம் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றம். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவுகளைப் பொறுத்தவரை 61அ உறுப்புரை மற்றக் கதவுகளைப் பெரும்பாலும் பூட்டிவிடுகிறது. அடிப்படை உரிமை மனு என்ற கதவு திறந்தே இருக்கிறது.

ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி அந்த மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேணும். சட்டத்தரணி முதலில் நாளைக் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

இப்ப கணக்குப் பாருங்கோ. தனக்கு எந்த வரியில் எத்தனை புள்ளி போட்டார்கள் என்று தெரியாமல் ஒருவர் எப்படி வழக்குப் போடுவார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கேட்டால், தருவதா இல்லையா என்று முடிவெடுக்கவே அலுவலருக்கு 14 வேலை நாள் உண்டு. தருவதென்று முடிவெடுத்தால் கொடுத்து முடிக்க இன்னும் 14 நாள். சனி ஞாயிறையும் ஒரு போயாவையும் சேர்த்தால் மாதம் முடிந்துவிடும். முடிவு வந்த அன்றே விண்ணப்பித்து, எல்லா அலுவலரும் சட்டப்படியே நடந்தாலும், தகவல் வரும்போது நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டிருக்கும். அக்கா ஆறு கிழமைக்குப் பிறகுதான் உண்மையை அறிந்தவர். அவரின் தவறு என்ன?

ஒரு சின்ன வழி இருக்கிறது, எங்களில் பலருக்குத் தெரியாது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்டவேண்டி வரும், அதனால் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கோ.

‘இப்படி எல்லாச் சான்றிதழையும் ஏற்றால் கள்ளச் சான்றிதழ் பெருகாதா?’ என்று கேட்பார்கள். பெருகும், மறுக்கவில்லை. அதற்கு மருந்து, போட்டி நடத்துபவர்கள் வெற்றியாளர் பெயரைப் பதிவில் வைத்திருப்பதும், நேர்முகக் குழு அந்தப் பதிவைப் பார்த்து உறுதிப்படுத்துவதும்தான். பதிவு இருந்தால் கள்ளனும் பிடிபடுவான், உண்மையானவளும் தப்புவாள். 2009இல் உடுத்த உடுப்போடு வெளியே வந்த குடும்பங்களில் எத்தனை பேரின் பதக்கமும் சான்றிதழும் வன்னி மண்ணுக்குள் போயிருக்கும்? பிரதி கேட்டுப் போனால் ‘அந்த வருடப் பதிவு இல்லை’ என்ற பதிலை எங்கட மாமாமாரும் சித்திமாரும் கேட்டுக் களைத்துப்போனார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. விளையாட்டுக்குப் புள்ளி உண்டு என்று அறிவிக்கும்போது, எந்தப் போட்டி, எந்த இடம், யார் கையெழுத்து, குழு விளையாட்டுக்கு எத்தனை, தனி விளையாட்டுக்கு எத்தனை என்று ஒரு அட்டவணையை வர்த்தமானியிலேயே போடுங்கோ. முடிவோடு சேர்த்து ஒவ்வொரு விண்ணப்பதாரிக்கும் அவரின் புள்ளியை வரி வரியாகக் கொடுங்கோ, வெட்டியிருந்தால் ஏன் என்று ஒரு வசனம் எழுதுங்கோ. இதனால் நேர்முகக் குழுவில் இருப்பவர்களுக்கும் நன்மைதான். தெளிவில்லாத விதியை வைத்துக்கொண்டு நாளுக்கு எத்தனையோ பேரை அளக்கச் சொன்னால் அவர்களும் என்ன செய்வார்கள்?

எங்களிடமும் ஒரு பிழை இருக்கிறது. ‘விளையாட்டால உள்ளுக்கு வந்தவள்’ என்று பீடத்தில் நாங்கள் எத்தனை பேரைச் சொல்லிச் சிரித்திருப்போம்? அந்தச் சிரிப்புத்தான் பின்னாளில் நேர்முக மேசையில் பூச்சியமாக உட்காருகிறது.

அக்கா அடுத்த அறிவித்தலுக்கு விண்ணப்பித்திருக்கிறார். போகும்போது எங்கள் நாலு பேரின் கைபேசியிலும் தன் சான்றிதழ்களைப் படம் எடுத்து வைக்கச் சொன்னார், முன்பக்கமும் பின்பக்கமும். எடுத்து வைத்திருக்கிறோம். நீங்களும் உங்கட சான்றிதழ்களை எடுத்து வையுங்கோ. நேர்முக முடிவு வந்த நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டுக் குறியுங்கோ. அங்கிருந்து ஒரு மாதம்தான்.