ஊரைக் கேட்டார்களா?

அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை எங்கே புதைப்பது? ஒரு லட்சம் ஆண்டு காலம் மக்களை அண்டவிடாமல் காக்க வேண்டிய நஞ்சு அது. பாறையைக் குடைந்து, பல நூறு மீட்டர் ஆழத்தில் வைத்து மூடுவதே வழி என்கிறார்கள் விஞ்ஞானிகள். சரி, எந்த ஊர்ப் பாறையை? அதை முடிவு செய்வது தலைநகரமா, அந்த ஊர் மன்றமா? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

அமெரிக்கா அதிகாரத்தை நம்பிற்று. 1987-ல் அந்நாட்டுக் காங்கிரஸ், மற்ற இடங்களையெல்லாம் தள்ளிவிட்டு, நெவாடா மாநிலத்து யூக்கா மலையை மட்டுமே ஆராயச் சட்டம் செய்தது. நெவாடாவிலோ ஓர் அணுமின் நிலையமும் இல்லை! வெளிச்சம் ஒருவருக்கு, குப்பை இன்னொருவருக்கு! 2002-ல் நெவாடா கவர்னர் மறுப்புத் தெரிவித்தார். காங்கிரஸ் ஓட்டெடுத்து அந்த மறுப்பை முறியடித்தது. மலை இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியினர், வேலை கிடைக்கும் என்று திட்டத்தை ஆதரித்தார்கள். அப்படியும் மாநிலத்தின் எதிர்ப்பு அடங்கவில்லை. 2010-ல் ஒபாமா சர்க்காரே திட்டத்தைக் கைவிட முனைந்தது. கோடி கோடியாக டாலரைக் கொட்டியும், அந்த மலைக்குள் ஒரு கூடைக் கழிவுகூட இறங்கவில்லை.

சுவீடன் வேறு வழி சென்றது. அங்கே ஊராட்சிக்கு மறுக்கும் உரிமை உண்டு. 1995-ல் ஸ்டூருமான், 1997-ல் மாலோ, இரண்டு ஊர்களிலும் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். “வேண்டாம்” என்றனர் மக்கள். கழிவைப் புதைக்கும் பொறுப்பேற்ற கம்பெனி மூட்டை கட்டியது. 2020-ல் ஓஸ்தம்மார் ஊர் மன்றம் 38-க்கு 7 என்ற ஓட்டில் சம்மதித்தது. 2022-ல் அரசு அனுமதி தந்தது. 2025-ல் வேலை தொடங்கியது.

“ஓஸ்தம்மாரில் ஏற்கனவே அணு உலை இருக்கிறது, பிழைப்புக்காகச் சம்மதித்தார்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஊராட்சி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. விஷயத்தைத் தானே ஆராயவும், ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லவும், மின் கம்பெனிகள் கட்டிய நிதியிலிருந்தே அதற்குப் பணம் கிடைத்தது. சுவீடன் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு: வேறு தக்க இடமே இல்லையென்றால் ஊரின் மறுப்பை அரசு மீறலாம். அந்த ஓட்டையைப் பயன்படுத்தாமலேயே காரியம் நடந்தது என்பதைத்தான் நாம் சுட்டிக்காட்டுகிறோம்.

“எல்லா ஊரும் மறுத்துவிட்டால்?” என்று அஞ்சுகிறவர்களுக்கு நாம் சொல்வது இது: மறுக்கும் உரிமை இருந்த நாட்டில் இடம் கிடைத்தது, மறுப்பை மிதித்த நாட்டில் கிடைக்கவில்லை.

தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிதல்ல. வேலைநிறுத்தம் செய்ய உரிமையில்லாதவனிடம் முதலாளி வாங்கும் கையெழுத்து ஒப்பந்தமாகுமா? அதுபோலத்தான் இதுவும். கருத்துக் கேட்பது வேறு, சம்மதம் பெறுவது வேறு. “மாட்டோம்” என்று சொல்ல முடிந்த ஊர் சொல்லும் “சரி”தான் சம்மதம்!